மூன்றாம் பாகமும் தலை ஆடியும்

மூன்றாம் பாகத்தின் சிடி எங்கள் வீட்டு டிவி மேல் தை மாதத்திலிருந்து ஆடி வரைக்கும் பிரிக்காமலே கிடந்தது. அம்மா வாராவாரம் தூசி தட்டும்போது அதற்கும் ஒரு தட்டு போட்டு, அதே இடத்தில் திருப்பி வைப்பாள். "இது இன்னாடா, ஊறுகாயா? இத்தினி மாசம் ஊற வச்சிக்கினே கீறியே?" என்று ஒரு தடவை கேட்டாள். அக்கா வந்ததும் பிரிக்கலாம் என்றேன். அம்மா டிவியின் பின்பக்கத்தைத் துடைக்கப் போய்விட்டாள். அக்காவுக்கு அந்தத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

சிடியில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒன்றுமில்லாத பொட்டல் காட்டில் ஒரு ராஜ்ஜியத்தைக் கட்டி எழுப்ப வேண்டும். ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு மண்டபமும் நாலைந்து குடியானவர்களும் மட்டும் இருப்பார்கள். அவர்களை ஏவி மரம் வெட்டி, சோறு சேர்த்து, பொன் தோண்டி, அதிலிருந்து வீடு, களஞ்சியம், கோட்டை, படை என்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். வரைபடத்தின் இன்னொரு மூலையில் எதிரியும் சத்தம் காட்டாமல் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பான். யார் கை முந்துகிறதோ அவர்கள் போய் அடுத்தவரை அடிக்கலாம்.

நானும் அக்காவும் இதை ஆடினோம். எதிரெதிராக இல்லை. ஒரே கம்ப்யூட்டர், ஒரே ராஜ்ஜியம், ஆள் மட்டும் ரெண்டு. மவுஸ் என் கையில், கீபோர்டு அவள் கையில். இப்படி யாரும் ஆடமாட்டார்கள் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு ராஜாவுக்கு ரெண்டு பேர் வேலை செய்வதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. பம்மலில் ஒரு தோல் பை கம்பெனியின் ஆபீசில் அக்கா பில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கீபோர்டைப் பார்க்காமலே அவள் விரல் தன் வழி தெரிந்து போகும். நான் ப்ளஸ் டூவோடு சரி. குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டின் மேலேயே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்து வேலை கற்றுக்கொண்டவன். "மெஷினுக்கு வாய் கெடையாதுடா. ஜுரம் வந்த கொழந்த மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்கணும்" என்பார் கடை முதலாளி. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே கடையில் ஒதுக்கிப் போட்ட பாகங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நான் சேர்த்ததுதான்.

அந்த மெஷினில் முதலில் ஓடியது முதல் பாகம். இப்போது நினைத்தால் அது ஒரு பாவப்பட்ட விளையாட்டு. ஆட்களை ஒவ்வொருவராகத்தான் கூப்பிட வேண்டும், மொத்தமாகச் சொல்லி வைக்க முடியாது. வயல் விளைந்து தீர்ந்துவிட்டால் உழவன் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நிற்பான், நாம்தான் பார்த்து இன்னொரு வயல் போட்டுத் தர வேண்டும். எல்லாவற்றையும் விட, அதில் மதில் உண்டு, வாசல் கிடையாது. இது தெரியாமல் அக்கா ஒரு நாள் முழுக்க ஆள் விட்டு ஊரைச் சுற்றி அழகாக மதில் எழுப்பினாள். படை தயாரானதும் எதிரியை அடிக்கக் கிளப்பினால் ஒருத்தனும் நகரவில்லை.

"அய்யய்யோ, வாசல் வைக்காம வூடு கட்டிட்டோம்டா!" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல், "மொதல்ல மேஸ்திரிய மாத்துங்க" என்றார்.

எங்கள் மதிலை நாங்களே இடித்துத்தான் அன்றைக்குச் சண்டைக்குப் போனோம். அந்தப் பாகத்தில் ஒரு பூசாரி வருவார். தூரத்தில் நின்று ஏதோ முணுமுணுப்பார், நம் சிப்பாய் அப்படியே நிறம் மாறி எதிரி பக்கம் போய்விடுவான். "கட்சி மாறிட்டான்டா பாவி, காலைலதான சோறு போட்டேன்!" என்று அக்கா கத்துவாள். நிஜமான கோபம் அது.

இரண்டாம் பாகம் வந்தபோது அதில் வாசல் இருந்தது. குதிரை, கோட்டை, சந்தை, கப்பல் என்று எத்தனையோ புதிதாக இருந்தும் அக்கா கொண்டாடியது வாசலைத்தான். முதல் நாள் சண்டையே போடவில்லை. ஒரே ஒரு சிப்பாயை உள்ளேயும் வெளியேயும் நடக்க விட்டுக்கொண்டிருந்தாள். "தானா தொறக்குது பாரு. நம்மாளு போனதும் தானா சாத்திக்குது பாரு." எதிரி திடீரென்று வந்துவிட்டால் அடிக்க ஒரு மணி இருந்தது. அடித்ததும் குடியானவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்து மண்டபத்துக்குள் புகுந்துகொள்வார்கள். வேலையில்லாமல் நிற்பவன் எங்கே இருக்கிறான் என்று காட்டவும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தி அழுத்தி, "ஒருத்தன் சும்மா நிக்கிறான், பாரு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். அது வீட்டில் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தால், அம்மா சமையலறையிலிருந்தே, "இங்க ஒருத்தன் சும்மா நிக்கிறான், தேங்கா துருவ அனுப்பு" என்பாள்.

இரண்டாம் பாகத்துக்கு ரெண்டு ஆள் கட்டாயம் வேண்டும். இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். மரம் வெட்டுகிறவன் வெட்டிய கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கு வரைக்கும் நடந்து போய்ப் போட்டால்தான் அது நம் கணக்கில் ஏறும். காடு குறையக் குறைய கிடங்கு தூரமாகிவிடும், பக்கத்தில் புதுக் கிடங்கு கட்ட வேண்டும். அதற்குள் ஆடு தீர்ந்துவிடும், வயல் போட வேண்டும். வயல் போடும்போது எதிரி வடக்கே தீ வைத்துவிடுவான். நான் மவுஸை எடுத்துக்கொண்டு சண்டைக்கு ஓடினால் அக்கா பின்னால் ஊரைப் பார்த்துக்கொள்வாள். அவள் சொல்லுவாள், நான் செய்வேன். நான் கேட்பேன், அவள் விரல் அழுத்தியிருக்கும். கடைசிக் காலத்தில் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஆறு மணி வாக்கில் கம்பெனி விட்டு வருவாள். தலைமுடியில்கூட தோல் வாசனை இருக்கும். முகம் கழுவி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவாள். பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்கு, முக்காலி எனக்கு. ஓர் ஆட்டம் ஆரம்பித்தால் அந்தச் சாயங்காலம் முழுதும் போய்விடும். ஆட்டத்தில் பாதி நேரம் ஒன்றுமே நடக்காது. மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். கம்பெனியில் யார் யாரோடு பேசவில்லை, மேனேஜர் எப்படி இருமுவார், ஷேர் ஆட்டோவில் மடியில் கூடையோடு உட்கார்ந்த ஒரு மீன்காரம்மா கண்டக்டர் மாதிரி எல்லாரையும் எப்படி நகர்த்தி உட்கார வைத்தாள், எல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த மரம் வெட்டுகிற நேரத்தில்தான்.

பிறகு வரன் வந்தது. திருவொற்றியூர். மாப்பிள்ளைக்குத் துறைமுகம் பக்கம் ஒரு லாரி ஆபீசில் வேலை. நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். ஒரே சென்னைதான் என்றார்கள் எல்லாரும். ஒரே சென்னைதான். ஆனால் குரோம்பேட்டையில் ஏறி பீச்சில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து பம்மலுக்கு வேலைக்கு வர முடியாது என்று அக்கா கம்பெனியை விட்டாள்.

மூன்றாம் பாகம் வந்துவிட்டது என்று கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையன் சொன்னான். கல்யாண வேலையெல்லாம் முடிந்து வீடு காலியான வாரத்தில் நான் போய் வாங்கினேன். அவள் இல்லாமல் அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆடிக்கு அக்காவை அழைத்து வருவார்கள் என்பது தெரியும். புதுப்பெண் ஆடி முழுக்க அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒரு மாதம். எனக்கு அது போதும்.

கடையில் என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் மூன்றாம் பாகத்தை ஆடி முடித்துவிட்டார்கள். என்னைப் பார்த்தால் அவர்களுக்குச் சிரிப்பு.

"மச்சி, இன்னும் தொறக்கலையா? சிடிக்கு மஞ்சள் குங்குமம் வச்சிட்டியா?"

"அக்கா வரணும்."

"வந்து? திருஷ்டி கழிச்சி ரிப்பன் வெட்டணுமா? சொல்லு, நாங்களும் வந்து குத்து விளக்கு ஏத்தறோம்."

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். மூன்றாம் பாகம் எங்கள் பழைய மெஷினில் ஓடாது. அதற்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். சர்வீசுக்கு வந்து யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒன்றைத் துடைத்து, அதன் சின்னக் காற்றாடிக்கு எண்ணெய் போட்டு எடுத்து வந்தேன். மெமரி கூட்டினேன். சிடியைப் போடவில்லையே தவிர, மற்றதெல்லாம் ஆனியிலேயே தயார்.

ஆடி பிறக்கும் சமயத்தில் அப்பாவும் நானும் திருவொற்றியூர் போய் அழைத்து வந்தோம். அக்காவின் மாமியார் வாசல் வரைக்கும் வந்து, "பத்தரமா இட்டுகினு போங்க. மாசம் முடிஞ்சதும் பத்தரமா கொண்டாந்து வுட்ருங்க" என்றார். ஏதோ பாத்திரம் இரவல் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பரங்கிமலை தாண்டியதும், "அப்பாடா, காத்தே மாறிடுச்சு" என்றாள். அப்பா சிரித்தார்.

வந்தும் சிடி பிரிபடவில்லை. முதல் வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள். சின்னம்மாக்கள் வந்து தாலிக்கொடியைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், காலையிலிருந்து அலறல். வீட்டுக்குள் பேசுவதே சைகையில்தான். பிறகு டெய்லர். பிறகு அக்காவுக்குத் தூக்கம். அத்தனை தூக்கம் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. "வுடுடா, அங்க விடிகாலைல எழுந்திரிக்கிறா" என்றாள் அம்மா. நான் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வரும்போதெல்லாம் டிவி மேல் பார்ப்பேன். ஆடி பாதி போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே அதைக் கையில் எடுத்தாள்.

"நீ இன்னும் பிரிக்கலையாடா?"

"நீ வந்ததும்னு வச்சிருந்தேன்."

"பைத்தியம்" என்றாள். சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் உறையைப் பல்லாலேயே கிழித்தாள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலியும் முக்காலியும் பழைய இடத்துக்கு வந்தன. படம் வந்ததும் ரெண்டு பேரும் வாயைப் பிளந்தோம். முதல் பாகம் காகிதத்தில் வரைந்த மாதிரி இருக்கும். இரண்டாம் பாகம் பொம்மைக் கொலு மாதிரி. இது நிஜம் மாதிரி இருந்தது. தண்ணீரில் வெயில் பட்டு மின்னியது. பீரங்கி வெடித்தால் சுவர் கல் கல்லாகத் தெறித்து விழுந்தது.

"கடலப் பாருடா. கோவளத்துல கூட இவ்ளோ சுத்தமா இல்ல" என்றாள் அக்கா.

கடல் சரி. எனக்கு மனம் ஒட்டவில்லை. மணி எங்கே என்று தேடினேன், பழைய இடத்தில் இல்லை. குடியானவனை மரம் வெட்ட அனுப்பினேன். வெட்டினான், வெட்டினான், நகரவே இல்லை. கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட ஓர் இடம் கட்டலாம் என்றால் அப்படி ஒரு கிடங்கே விளையாட்டில் கிடையாது. அவன் வெட்ட வெட்ட, நின்ற இடத்திலேயே நம் கணக்கில் மரம் ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்னக்கா, ஏமாத்து வேலையா இருக்கு. தூக்கினு போகவே வேணாமாம்."

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "எவ்ளோ நல்லா இருக்கு! வெட்டின எடத்துலயே கணக்கு ஏறுது. வூட்டு வேலையும் இப்பிடி இருந்தா எப்பிடிடா இருக்கும்? தேய்ச்ச எடத்துலயே பாத்தரம் அடுக்கிக்கணும்."

அவள் விரல்கள் பழைய பொத்தான்களைத் தேடிப் போயின. வீடு கட்டச் சொன்னால் குடியானவன் ஆடு மேய்க்கப் போனான். "என் வெரல் சொல்றது இதுக்குப் புரியல" என்றாள். ஒன்றிரண்டு தடவை தடுமாறிவிட்டு, கையை என் பக்கம் நீட்டினாள்.

"மவுஸக் குடு, பாப்போம்."

கொடுத்தேன். அவள் அதுவரை மவுஸோடு முழு ஆட்டம் ஆடியதில்லை. கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டாள். ஆளை அனுப்பினாள், வீடு கட்டினாள், படை திரட்டினாள், தானே கூட்டிக்கொண்டு போய்ச் சண்டையும் போட்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாதம் வடித்து இறக்குவதற்குள் எதிரி ஒழிந்தான்.

"இது ஈஸிடா" என்றாள் அக்கா, கையை உதறிக்கொண்டே. "இதுக்கு ஒரு ஆள் போதும்."

குத்திக் காட்டச் சொன்னதில்லை. ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரிதான் சொன்னாள். ஆனால் தையிலிருந்து நான் காத்திருந்தது ஒரு ஆள் போதும் என்கிற விளையாட்டுக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் பாகத்தில் இன்னொரு புதுமையும் இருந்தது. உங்கள் ஆட்கள் கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள். அவர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் நகரம் இருக்கும். நீங்கள் இங்கே கொஞ்சம் முன்னேறினால் அங்கிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்புவார்கள். மரம், மாடு, சில சமயம் சிப்பாய்கள்கூட. அது என்ன ஏது என்று நான் விளக்க வாயெடுப்பதற்குள் அக்கா அதற்குப் பேர் வைத்துவிட்டாள்.

"சீர்டா இது! அம்மா வூட்லேர்ந்து சீர் வருது!"

டீ கொண்டு வந்த அம்மா, "எந்தச் சீர்? ஆடிச் சீர்தான் அன்னிக்கே வச்சி அனுப்பிட்டோமே" என்று பதறினாள்.

"நம்ம சீர் இல்லம்மா, இவங்களுக்கு. பாரு, நாலு மாடு அனுப்பியிருக்காங்க."

"நாலு மாடா? பெரிய எடம்தான்" என்று அம்மா டீயை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தத் தாய் நகரத்தையே திறந்து பார்க்கலாம். தெருக்கள், மாடி வீடுகள், துறைமுகம். ஜனங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். அக்கா அதைத் திறந்து ஒரு தெருவில் அம்புக்குறியை ஓட்டினாள். இன்னொரு தெரு. ஒரு வீட்டை அழுத்திப் பார்த்தாள்.

"இங்க எதுவும் கட்ட முடியாதா?"

"முடியாதுக்கா. அங்கேர்ந்து சாமான் மட்டும்தான் வரும்."

"உள்ள போவவும் முடியாதா?"

"முடியாது. பாக்கலாம், அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரி இந்தப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தான், அவள் கவனிக்கவில்லை. பிறகு, "சரி, மாடு வந்துச்சா பாரு" என்று பழையபடி ஆட்டத்துக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு ஆடியில் மிச்சமிருந்த மத்தியானங்களில் அம்மா கண்ணயரும் நேரத்தில் அக்கா தனியாகவே ஆடினாள். சாப்பிட வரும்போது நான் பார்ப்பேன். இரண்டாம் பாகத்தையும் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தேன்.

"சாயந்தரம் ரெண்டாவது ஒரு ஆட்டம் போடலாமாக்கா?"

"போடலாமே. நாளைக்கு."

அடுத்த நாள் சாயங்காலம் யாராவது வருவார்கள். அல்லது கடைத்தெருவுக்குப் போவார்கள். ஒரு நாள் கேட்டே விட்டேன், ரெண்டாவது உனக்குப் பிடிக்கவில்லையா என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"புடிக்காம இன்னாடா? அதுக்கு ஒரு முழு சாயந்தரம் ஓணும். எனக்கு இப்ப முழு சாயந்தரம்னு ஒண்ணு எங்க கீது? அங்க எல்லாம் துண்டு துண்டாத்தான் நேரம். பாலு காயற நேரம், குழாய்ல தண்ணி ரொம்பற நேரம். அப்பிடியே பழகிப்போச்சு, இப்ப இதான் சரியா வருது."

அவள் சொன்னது நியாயம். எனக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கவில்லை. மூன்றாம் பாகத்தைச் செய்தவர்களும் இதைத்தான் யோசித்திருப்பார்கள். ஜனங்களுக்கு நேரமில்லை, சீக்கிரம் முடித்துக் கொடுப்போம் என்று நடையைக் குறைத்தார்கள், கிடங்கை எடுத்தார்கள். அப்படி எடுத்ததில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமும் சேர்ந்து போய்விட்டது.

ஆடி முடியப் போகிற வாரம் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வேறு கணக்கு இருந்தது.

"பரவால்லக்கா. அடுத்த ஆடிக்கு வர்றப்ப மொத நாளே ரெண்டாவது போட்டுடலாம்."

புடவையை மடித்துக்கொண்டிருந்த அம்மாவும் அக்காவும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

"அடுத்த ஆடிக்கு யார்றா கூட்டினு வரப்போறா?" என்றாள் அம்மா.

"ஆடிக்குப் புதுப்பொண்ண கூட்டினு வரணும்ல?"

"அது தலை ஆடிக்குடா! ஒரு தடவதான். வருசா வருசம் ஆடிக்கு இங்க வந்து உக்காந்துகினா அவ குடும்பத்த யாரு பாக்கறது, அந்தக் கம்ப்யூட்டரா?"

நான் பள்ளிக்கூடத்து முழுப்பரீட்சை லீவு மாதிரி நினைத்திருந்தேன். வருஷா வருஷம் ஒரு மாதம், தவறாமல் வரும் என்று. அந்த நம்பிக்கையில்தான் அவள் கல்யாணத்தன்று அழாமல் இருந்தேன் என்றுகூடத் தோன்றியது. தலை தீபாவளி, தலைப் பொங்கல், தலை ஆடி என்று எத்தனை வீடுகளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். தலை என்றால் பின்னால் உடம்பு வால் என்று நீளமாக வரும் என்றுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்கிறது. வெட்கமாக இருந்ததால் நானும் அவர்களோடு சிரித்துவைத்தேன். அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெனச்சிக்கினு இருந்தியாடா?" என்று கேட்டாள். இல்லையே என்றேன்.

தலை தீபாவளிக்கு மாமாவோடு வந்தாள். வீடு நிறைய ஆட்கள். கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, மேலே முறுக்குத் தட்டு வைத்திருந்தார்கள். மாமா அந்த வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "இதுலதான் எந்நேரமும் அந்தக் கதையா?" என்று கேட்டார். எந்தக் கதை என்றேன். "மதில் கட்டின கத, பூசாரி கட்சி மாத்தின கத, எல்லாம் எனக்குத் தெரியும் மச்சான். சமைக்கும்போது சொல்லிக்கினே இருப்பா." முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அடுத்த மாதமே அவர் ஆபீஸ் கணக்கை வீட்டில் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகப் போன் செய்தார். பாகங்களை நானே வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு ரயில் மாறி, மடியில் மானிட்டரோடு திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தேன். சேர்த்து முடித்து, படம் வந்ததும் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மூணாவது எடுத்தாந்தியா? அத மட்டும் போடு" என்றாள்.

ரெண்டு சிடியும் என் பையில் இருந்தன. மூன்றாம் பாகத்தைப் போட்டேன். அது ஏறிக்கொண்டிருக்கும்போது வாய் தவறின மாதிரி, "ரெண்டாவதும் போட்டு வக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம்டா. அத இங்க ஒண்டியா ஆட முடியாது."

மாமா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன், அதுக்கு எத்தினி பேர் ஓணும்?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தர் மவுஸ், ஒருத்தர் கீபோர்டு" என்றாள் அக்கா.

"நாம ரெண்டு பேர்தான கீறோம்?" என்றார் மாமா. அவ்வளவு சாதாரணமாகத்தான் கேட்டார்.

அக்கா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேனோ அதுதான் நடக்கட்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை. முடியாது, அது அப்படி எல்லாருக்கும் வராது, வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை.

"உக்காருங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து ரெண்டாம் பாகத்தின் சிடியை எடுத்து அதையும் ஏற்றினேன்.

லாரி ஆபீசில் இருப்பவருக்குக் கை பெரியது. மவுஸ் அந்தக் கைக்குள் காணாமல் போய்விட்டது. ஒரு தடவை அழுத்தச் சொன்னால் தபால் முத்திரை குத்துவது மாதிரி நாலு தடவை குத்தினார். அவர் கை மேல் என் கையை வைத்து, இப்படி வளைத்துப் பிடித்தால் எல்லாரும் சேர்ந்து வருவார்கள், இங்கே அழுத்தினால் அங்கே போவார்கள் என்று காட்டினேன். அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீபோர்டு பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் விரல் எதையும் மறந்திருக்கவில்லை. நான் பின்னால் நகர்ந்து நின்றேன். அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தே ஆடியதால், பின்னாலிருந்து பார்த்தால் திரை எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

மாமா முதலில் ஆட்டு மந்தையை மண்டபத்துக்கு ஓட்டி வந்தார். ஹாலில் படுத்திருந்த அவர் அம்மா தலையைத் தூக்கி, "ஆடு மேய்க்கறதுக்காடா இத்த வாங்கினே?" என்று கேட்டார். மாமா, "இப்பதானம்மா ஆரம்பிச்சிருக்கேன், போகப் போக ராஜாவாயிடுவேன்" என்றார். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு மரம் வெட்ட ஆரம்பித்தார்கள். ஒன்றுமே நடக்காத நேரம் வந்தது. அக்கா தாழ்ந்த குரலில் அவரிடம் ஏதோ சொன்னாள், எதிர்வீட்டுக் கதையாக இருக்க வேண்டும். அவர், "நெஜமாவா?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரையும் மிச்ச ஒயரையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"அக்கா, நான் கெளம்பறேன்."

"இருடா, சாப்டு போலாம், தோ..." என்று பாதி எழுந்தாள். அதற்குள் மேற்கு மூலையில் எதிரியின் குதிரைகள் தெரிந்தன. பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். "அய்யோ வந்துட்டான்! இப்ப எழுந்தா முடிச்சிருவான்டா. ஒரு நிமிசம், ஒரே நிமிசம்." என்னை வழியனுப்ப எழுந்த மாமாவையும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க எங்க போறீங்க? மவுஸ வுடாதீங்க!"

"நீ பாருக்கா. நான் கதவச் சாத்திக்கிறேன்" என்றேன்.

அந்த நேரத்தில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த வீட்டில் அவளைத் தவிர அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.